குப்பை என்றொரு சொல்: 1972 முதல் 2024 வரை

1972-இல் மரபியலாளர் சுசுமு ஓனோ, மனித மரபணுத்தொகுதியின் பெரும்பகுதியைக் 'குப்பை' எனக் குறித்தார். அவரது வாதம் அலட்சியமானதன்று. தொகுதி முழுவதும் இன்றியமையாததாயின், தலைமுறைதோறும் நேரும் பிறழ்வுகளின் சுமையை உயிரினம் தாங்கியிராது என்பதே அவர் கணக்கு. அக்கணக்கு இன்றும் முற்றாகப் பொய்த்துவிடவில்லை. எனினும், சொல் பரவிய வேகத்தில் வாதம் பின்தங்கியது; புரதத்திற்குக் குறியீடு தராதவை யாவும் ஆராயத் தகாதவை என்னும் மனப்பழக்கம் வேரூன்றியது. மனிதரில் குறியீடு தரும் பகுதியோ இரண்டு விழுக்காட்டிற்கும் குறைவு.

அப்பழக்கத்தை முதலில் அசைத்தது ஓர் உருளைப்புழு. 1993-இல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் ஆகியோரின் ஆய்வுக்குழுக்கள் லின்-4 என்னும் மரபணுவை ஆராய்ந்தன. அது புரதம் எதனையும் ஆக்கவில்லை. 22 எழுத்துகளே கொண்ட ஆர்.என்.ஏ. ஒன்றைத் தந்தது. அச்சிறு இழை லின்-14-இன் தூது ஆர்.என்.ஏ.வோடு இணைந்து, அதிலிருந்து புரதம் உருவாவதைத் தடுத்தது. இது புழுவுக்கு மட்டுமே உரிய விந்தை எனப் பலரும் கருதினர். 2000-இல் கண்டறியப்பட்ட லெட்-7 மனிதரிடமும் காணப்பட்டபோதுதான் அக்கருத்து மாறியது.

மூளை இவ்வரலாற்றின் முதன்மைக் களமாயிற்று. நரம்பணுக்களில் மிகுந்து காணப்படும் மைக்ரோ ஆர்.என்.ஏ.-124, ஓர் உயிரணு நரம்பணுவாக முதிரும்போது பிற உயிரணுக்களுக்குரிய மரபணுக்களை அடக்குகிறது. 2011-இல் இதனையும் மைக்ரோ ஆர்.என்.ஏ.-9-ஐயும் செலுத்தி, மனிதத் தோலின் நார் உயிரணுக்களை நரம்பணுக்களாகவே மாற்றிக் காட்டினர். நீண்ட ஆர்.என்.ஏ.க்களின் கதையும் வியப்புக்குரியது. 2006-இல் அடையாளம் காணப்பட்ட ஹார்-1 பகுதியின் 118 எழுத்துகளில், கோழிக்கும் சிம்பன்சிக்கும் இடையே இரண்டே வேறுபாடுகள். சிம்பன்சிக்கும் மனிதருக்கும் இடையே 18. கருவளர்ச்சியின் 7 முதல் 19 வரையான வாரங்களில், பெருமூளைப் புறணி உருவாகும் காலத்தில், அது அங்குள்ள கஹால்–ரெட்சியஸ் நரம்பணுக்களில் செயற்படுகிறது.

சொல்லின் விலை 2024-இல் தெளிவாயிற்று. அறிவுத்திறன் குறைபாடும் வலிப்பும் உடைய, பலரும் பேச்சே வாய்க்காத குழந்தைகளின் நோய்க்காரணம் ஆர்.என்.யு.4-2 என்னும் மரபணுவில் கண்டறியப்பட்டது. அதுவும் புரதம் தராத மரபணு, தூது ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் பொறியின் ஓர் உறுப்பை ஆக்குவது. பெரும்பாலானோரிடம் கூடுதலாக நுழைந்திருந்தது ஓர் எழுத்தே. அதுவரை இத்தகைய குழந்தைகளுக்கு வழக்கமாகச் செய்யப்பட்ட சோதனை, புரதக் குறியீட்டுப் பகுதிகளை மட்டுமே வாசித்தது. விடை, சோதனை திறவாத பக்கத்தில் இருந்தது.

அதே ஆண்டு ஆம்ப்ரோசும் ருவ்குனும் நோபெல் பரிசு பெற்றனர். தொகுதியின் எல்லா எழுத்துக்கும் பொருளுண்டு என்று இதனால் பெறப்படாது. பொருளற்றது என்பது ஆய்வின் முடிவாக வரவேண்டும்; ஆய்வுக்கு முன்பே இடப்பட்ட பெயராக அன்று.