மலிவு விலை கார்டும் கல்யாண கேசட்டும்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நடந்த நம்ம வீட்டுக் கல்யாணங்கள் பெரும்பாலும் விஹெச்எஸ் கேசட்டில்தான் இருக்கின்றன. டேப்பில் பூஞ்சை பிடிக்கும், காந்தப் பூச்சு உதிரும். அதைக் கணினியில் ஏற்றுவது மாதச் சம்பளக்காரர்களுக்கும் கட்டுப்படியானதற்கு ஒரு சின்ன சில்லு பெரிய காரணம். பெயர் பிடி848.

சான் டியாகோவில் இருந்த புரூக்ட்ரீ நிறுவனத்தின் தயாரிப்பு அது. 1996இல் அந்த நிறுவனத்தை ராக்வெல் வாங்கியது. 1999இல் ராக்வெல்லின் சில்லுப் பிரிவு கோனெக்ஸன்ட் என்று தனியாகப் போனது. அடுத்து வந்த பிடி878, 'டிவி டியூனர் கார்டு' என்று விற்ற பல மலிவு கார்டுகளுக்குள் இருந்தது. மும்பைக்கு வேலைக்கு வந்த புதிதில் நானும் லேமிங்டன் ரோட்டில் ஒன்று வாங்கினேன்.

ஏன் மலிவு? அதற்கு முன் வந்த விலை உயர்ந்த கார்டுகளில் படத்தைச் சுருக்குவதற்கென்றே தனி சில்லு இருக்கும். இதில் கிடையாது. வீடியோவை எண்களாக மாற்றி, பிசிஐ வழியாக நேராக மெமரியில் கொட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மிச்ச வேலை எல்லாம் நம்ம பொட்டியின் தலையில்!

கணக்குப் பாருங்கள். நம்ம ஊர் பால் முறையில் நொடிக்கு 25 ஃபிரேம். 720×576 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட். ஆக நொடிக்கு இரண்டு கோடி பைட்டுக்கு மேல். பழைய ஏவிஐ கோப்பின் எல்லையான 2 ஜிபி, ஒன்றேமுக்கால் நிமிடத்தில் நிரம்பிவிடும். பென்டியம் 2 பொட்டியின் ஹார்ட் டிஸ்க் திணறும், ஃபிரேம்கள் விழும். அதனால் பலரும் 352×288க்கு இறங்கினோம். சுமை நாலில் ஒரு பங்காகும், விசிடிக்கும் அதே அளவுதான்.

கைகொடுத்தவை இலவச மென்பொருட்கள். ஏவரி லீயின் வர்ச்சுவல்டப், தரம் குறையாமல் சுருக்கும் ஹஃப்ஒய்யுவி, லினக்ஸில் பிடிடிவி டிரைவர். ஆனாலும் ஒரு தலைவலி உண்டு. ஒலி தனி ஒயரில் சவுண்ட் கார்டுக்குப் போகும். இரண்டு கார்டுக்கும் இரண்டு கடிகாரம். ஒரு மணி நேர கேசட்டின் கடைசியில் நாதஸ்வரம் ஒரு பக்கம், தாலி கட்டுவது ஒரு பக்கம் :-)

அக்கா கல்யாண கேசட்டில் பந்தி நடக்கும் இடத்தில் அப்பா "சாம்பார் இங்க வரல" என்று குரல் கொடுப்பார். அப்பா போய்விட்டார். அவர் குரல் எங்களிடம் இருப்பது அந்த ஒரு வரிதான். அதைக் காப்பாற்றியது அந்தக் கார்டு.

கடைசிவரை விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது. புது மதர்போர்டுகளில் பிசிஐ ஸ்லாட்டே அபூர்வம். ஊரில் பழைய பொட்டியோ, ஓடுகிற விசிஆரோ கிடந்தால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். அடுத்த லீவில் போகும்போது முதலில் அந்த கேசட்டுகளை ஏற்றிவிடுங்கள்.