புறாக்கூடும் கல்வெட்டும்

'கொலம்பேரியம்' என்னும் இலத்தீன் சொல் முதலிற் புறாக்கூட்டையே குறித்தது. சுவரிலே வரிசை வரிசையாக மாடங்களை அமைத்து, தகனஞ் செய்யப்பட்டோரின் சாம்பற் கலசங்களை அவற்றுள் வைக்கும் மண்டபமும் பார்வைக்குப் புறாக்கூடு போலிருந்தமையால், அதற்கும் அப்பெயரே வழங்கலாயிற்று. இன்று இலண்டன் முதல் ஹொங்கொங் வரை இத்தகைய மாடங்களை நாடுவோர் பலர். நம்மவர் குடும்பங்கள் பல கடல் கடந்து வாழும் இக்காலத்தில், இவற்றின் வரலாற்றை நாமும் சிறிது நோக்குவோம்.

கி.மு. 450 அளவில் உரோமர் தொகுத்த பன்னிரு பலகைச் சட்டம், நகரெல்லைக்குள் பிணத்தைப் புதைத்தலும் ஆகாது, எரித்தலும் ஆகாது என விதித்தது. ஆகவே நகர வாயில்களுக்குப் புறத்தே, நெடுஞ்சாலைகளின் இருமருங்கிலும் கல்லறைகள் எழுந்தன. செல்வர் தம் பெயர் விளங்கத் தனிக் கல்லறை கட்டினர். எளியோருக்கும் அடிமைகளுக்கும் அது கைகூடுமோ? கி.மு. முதலாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தோன்றிய புறாக்கூட்டு மண்டபங்கள் பெரும்பாலும் இத்தகையோருக்கே இடமளித்தன. அகுஸ்துஸ் பேரரசரின் மனைவி லிவியாவின் ஏவலாளருக்குரிய மண்டபமொன்று 1726இல் அப்பியன் சாலையருகே கண்டுபிடிக்கப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கலசங்களுக்கு அங்கே இடமிருந்தது. மாடங்களின் கீழே சிறு சலவைக்கற் பலகைகள். அவற்றிற் பெயர்கள், பெயரோடு தொழில்கள். கூந்தல் ஒப்பனை செய்தவள், பொற்கொல்லன், மருத்துவிச்சி, கிழிந்த ஆடை தைத்தவள் எனப் பலரை அங்கே காண்கின்றோம். சாம்பல் எங்கே போயிற்று என்று இன்று எவருங் கேட்பதில்லை. பலகைகள் மாத்திரம் பேசுகின்றன.

மாடமும் ஈமச்சடங்கும் பெறுதற்கு எளியோர் சங்கம் அமைத்தனர். நம்மூர் மரண சகாய சங்கங்களை ஒத்த இவற்றுள், இலனூவியம் என்னும் ஊர்ச் சங்கத்தின் விதிகள் கி.பி. 136இற் கல்லிற் பொறிக்கப்பட்டன. சேர்வுப்பணம் 100 செஸ்தர்சு நாணயமும் ஒரு சாடி நல்ல திராட்சை மதுவுமாம். மாதச்சந்தா 5 செப்புக்காசு. சந்தா தவறாத உறுப்பினர் இறந்தால் 300 செஸ்தர்சு வழங்கப்படும். அடிமையும் உறுப்பினனாகலாம், அவன் விடுதலை பெற்றால் மேலும் ஒரு சாடி மது கொடுத்தல் வேண்டும்! நமது சங்கங்களின் பொருளாளர் எவரும் இவ்விதியை இதுவரை எண்ணிப் பார்த்திரார்.

கிறிஸ்தவம் பரவியபின் ஐரோப்பாவிற் சிதைத்தீ அவிந்தது. 785 அளவிற் சார்ள்மேன் மன்னர் சக்சனியருக்கு விதித்த சட்டம், பிணத்தை எரிப்போருக்கு மரண தண்டனை என்றது. மிஷன் பாடசாலைகளிற் பயின்ற நம்மனோர்க்குச் சேமக்காலையும் சிலுவையும் பழகிய காட்சிகள். அச்சேமக்காலைகளே நிரம்பி வழிந்தமையால் இங்கிலாந்து மீண்டும் தீயை நாடியது. 1873இல் வியன்னாக் கண்காட்சியிலே இத்தாலியப் பேராசிரியர் புருனெற்றியின் தகனச் சூளையைக் கண்ட சத்திரவைத்தியர் சேர் ஹென்றி தொம்சன், அடுத்த ஆண்டிலே தகனச் சங்கத்தை நிறுவினார். வோக்கிங்கில் 1879இற் கட்டிய சூளையில் முதலில் எரிக்கப்பட்டது ஒரு குதிரை. ஊரார் வெகுண்டனர், பணி நின்றது. 1884இல் வேல்ஸ் நாட்டு வைத்தியர் வில்லியம் பிறைஸ் தம் குழந்தையின் உடலை எரிக்க முயன்று வழக்கில் மாட்டினார். பிறர்க்குத் தொல்லையின்றி எரித்தல் குற்றமன்று என நீதிபதி கூறியதே திருப்பமாயிற்று. 1885இல் வோக்கிங்கில் நிகழ்ந்த தகனங்கள் மூன்று. இன்றோ பிரித்தானியாவில் இறப்போரில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் தகனஞ் செய்யப்படுகின்றனர்.

எரித்தபின் சாம்பலை எங்கே வைப்பது? 1902இல் இலண்டனிற் திறக்கப்பட்ட கோல்டர்ஸ் கிறீன் தகனசாலையிலே பழைய உரோம மாடங்கள் மறுபிறப்பெடுத்தன. உளவியலறிஞர் புரொயிட்டின் சாம்பல் அங்கே பண்டைக் கிரேக்கச் சாடியொன்றில் வைக்கப்பட்டது. நடிகர் ஹென்றி ஏர்விங்கின் சாம்பலுக்கு 1905இல் வெஸ்மினிஸ்ரர் ஆலயத்துள்ளேயே இடங் கிடைத்தது. பூந்தோட்டம், மலையுச்சி, ஆழ்கடல் என இடங்கள் பெருகின. கத்தோலிக்க திருச்சபை 1886இல் விதித்த தடையை 1963இல் தளர்த்தியது. எனினும், சாம்பலைத் தூவலாகாது, வீட்டில் வைத்தலாகாது, புனித இடத்திலேயே பேணல் வேண்டும் என 2016இல் வலியுறுத்திற்று. ஹொங்கொங்கிலோ மாடமொன்றுக்கு ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தோர் பலர்.

நம் சமயத்தாரின் வழக்கொன்றும் இவ்வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. திறந்த சிதையிற் தகனம் வேண்டிய தவேந்தர் காய் என்னும் இந்து முதியவர்க்கு நியூகாசில் நகரசபை அனுமதி மறுத்தது. சுவர்களுடைய, கூரை திறந்த அமைப்பும் சட்டப்படி 'கட்டிடம்' ஆகலாம் என மேன்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. தீக்கு இவ்வாறு வழி பிறந்தது. நீருக்கு லெஸ்ரர்ஷயரின் சோர் நதி உதவுகின்றது. இந்துக்களும் சீக்கியரும் அஸ்தியை அதிற் கரைக்கின்றனர்.

யாழ்ப்பாணத்திலே காடாற்றிச் சேர்த்த சாம்பலைக் கீரிமலைக் கடலிற் கரைப்பது நம் முன்னோர் வழக்கு. எலும்பைத் தாழியிற் பேணல் இந்நாட்டுக்குப் புதிதென்றுங் கூறவியலாது; பொம்பரிப்பில் அகழ்ந்தெடுத்த ஈமத்தாழிகளே சான்று. ஆயினும் கரைத்தலே நம் சமய நெறியாய் நிலைத்தது. அந்நிய நாட்டிற் பிறந்த பேரப்பிள்ளை, "பாட்டனார் எங்கே?" என வினவுங்காற் காட்டுதற்கு ஓரிடம் வேண்டுமென்று, மாடமொன்று வாங்க எண்ணுவாரும் உளர். அவர் ஏக்கத்தை நாம் இகழோம். ஆனால் லிவியாவின் ஏவலாளரை இன்றளவும் வாழவைப்பது சாம்பலன்று, எழுத்து. அவ்வெழுத்து நம்மிடமும் உண்டு. அந்தியேட்டி நாளில் அச்சிட்டு வழங்கும் நினைவு மலரை யாழ்ப்பாணத்தார் 'கல்வெட்டு' என்றே அழைக்கின்றனர். கல்லில் வெட்டாத கல்வெட்டு! திதி வெண்பா, வம்சாவழி, பிறந்த ஊர், செய்த தொழில் யாவும் அதில் உண்டு. தமக்கென வேறு சரித்திரம் எழுதப்பெறாத ஆசிரியர், விவசாயி, கடைக்காரர், குடும்பப் பெண்கள் ஆகியோரின் வாழ்வை அறிய இவற்றினும் சிறந்த சான்று அரிது.

இவை மெல்லிய தாளில் அச்சிடப்பட்டவை. அலுமாரிகளிற் கிடந்து கறையானுக்கு இரையாகின்றன. நூலக நிறுவனத்தார் இத்தகைய மலர்களைச் சேகரித்து இணையவழி எவரும் வாசிக்க வைத்துள்ளனர். எமது மன்றத்தின் இளைஞர் வீடுவீடாகச் சென்று பழைய கல்வெட்டுக்களைக் கேட்டு வாங்கி, படியெடுத்து, மூலத்தை உரியவரிடம் மீள ஒப்படைக்கலாம். பெரியோர்கள் தத்தம் வீட்டு அலுமாரிகளைத் திறந்து தருவார்களாக.