கள்ளிக்காக ஒரு சண்டை: ஜோஷுவா ட்ரீ பாலைவனத்தின் கதை

இன்னைக்கு ஒரு பாலைவனத்தோட வரலாறு. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து கிழக்கே கார்ல ரெண்டரை, மூணு மணி நேரம் போனா ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா. கிட்டத்தட்ட 8 லட்சம் ஏக்கர். அங்க பார்க்கர் அணைன்னு ஒரு நடைபாதை இருக்கு. சுமார் 2 கிலோமீட்டர், குழந்தைகளே நடந்துடலாம். நான் நடந்தப்போ மனசுல ஓடின கேள்வி ஒண்ணுதான்: மழை இல்லாத, விளைச்சல் இல்லாத இந்த இடத்தைக் காப்பாத்தணும்னு முதல்ல யாருக்குத் தோணிச்சு?

முதல்ல பாறைகள். யாரோ உருண்டை பிடிச்சு அடுக்கி வெச்ச மாதிரி, வீடு உயரத்துக்குக் கருங்கல் குவியல்கள். இந்தக் கிரானைட், 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால பூமிக்கடியில உருகின குழம்பா இருந்து மெதுவா இறுகினது. இறுகின பாறையில குறுக்கும் நெடுக்குமா விரிசல் விட்டுது. அந்தக் காலத்துல இங்க ஈரம் அதிகம். நிலத்தடி நீர் விரிசல்ல இறங்கி, கல்லோட ஓரங்களையும் மூலைகளையும் அரிச்சது. சதுரக் கல் உருண்டை ஆச்சு. பின்னாடி பாலைவனக் காட்டாறுகள் மேல்மண்ணை அடிச்சுக்கிட்டுப் போக, உருண்டைகள் மட்டும் வெளியே நின்னுடுச்சு.

அப்புறம் கள்ளி. நம்ம ஊர் வேலியில இருக்கிற சதுரக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் தாவரவியல்படி கேக்டஸ் குடும்பமே இல்லை. சப்பாத்திக்கள்ளி கேக்டஸ்தான், ஆனா அது அமெரிக்கக் கண்டத்துலேர்ந்து வந்தது. கேக்டஸுக்குப் பிறந்த வீடு அந்தக் கண்டம். பூங்காவுக்குப் பெயர் கொடுத்த ஜோஷுவா மரம்? அதுவும் கேக்டஸ் இல்லை, யக்கா வகை.

இந்தச் செடிகளுக்கு ஆபத்து வந்தது 1920-களில். கார் பரவலாச்சு, பாலைவனத்துக்குப் பாதை வந்துச்சு. நகரத்துல வீட்டுத் தோட்டத்துக்குக் கள்ளி வைக்கிறது ஃபேஷன். ஜனங்க வண்டி வண்டியா வேரோட பிடுங்கிட்டுப் போனாங்க. ராத்திரியில வெளிச்சத்துக்காக ஜோஷுவா மரத்துக்குத் தீ வெச்சவங்களும் உண்டு. யாரும் தடுக்கலை. நம்ம பாஷையில சொன்னா, அது ‘சும்மா கிடக்கிற தரிசு’.

தடுக்க வந்தவர் மினர்வா ஹாமில்டன் ஹோய்ட். 1866-ல் மிசிசிப்பியில் பிறந்தவர். கல்யாணத்துக்கப்புறம் கலிஃபோர்னியா வந்து, தோட்டக்கலையில பேர் வாங்கினவர். குழந்தையையும் கணவரையும் இழந்த துக்கத்துல அவருக்கு ஆறுதல் தந்தது பாலைவன இரவுகள்தான். விஞ்ஞானியும் இல்லை, அரசியல்வாதியும் இல்லை. அவருக்குத் தெரிஞ்சது தோட்டக் கண்காட்சி. அதையே ஆயுதமாக்கினார். 1928-ல் நியூயார்க்கில் பாலைவனச் செடிகளைக் காட்சிக்கு வெச்சார்; அடுத்து பாஸ்டன், லண்டன். பாலைவனத்தைப் பார்க்காதவங்ககிட்ட பாலைவனத்தையே கொண்டுபோய் நிறுத்தினார். 1930-ல் பாலைவனப் பாதுகாப்புக்குன்னே ஒரு சர்வதேச அமைப்பைத் தொடங்கினார்.

10 லட்சம் ஏக்கருக்கு மேல பூங்காவா அறிவிக்கணும்னு கேட்டார். 1934-ல் அரசுத் தரப்பில் வந்து பார்த்த ரோஜர் டோல், தேசியப் பூங்கா ஆகுற அளவுக்கு இங்க தனிச்சிறப்பு எதுவும் இல்லைங்கிற முடிவுக்கு வந்தார். ஹோய்ட் விடலை. 1936 ஆகஸ்ட் 10 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் சுமார் 8,25,000 ஏக்கரைத் தேசிய நினைவுச்சின்னமா அறிவிச்சார்.

கதை அங்க முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். 1945-ல் ஹோய்ட் இறந்தார். 1950-ல், சுரங்கக்காரங்களோட நெருக்கடியால, அந்த நிலத்துல ஏறத்தாழ மூணுல ஒரு பங்கைப் பாதுகாப்பிலிருந்து வெட்டி எடுத்துட்டாங்க. இழந்ததுல பெரும்பகுதி திரும்பி வர 1994 ஆச்சு. அந்த வருஷம்தான் இது முழுமையான தேசியப் பூங்காவும் ஆச்சு.

‘சும்மா கிடக்கிற நிலம்’ங்கிற பேச்சுல இன்னொரு பொய்யும் இருக்கு. செரானோ, கவியா, செமஹுவேவி மக்கள் ரொம்ப காலமா வாழ்ந்த மண் இது. பார்க்கர் அணைக்குப் பக்கத்துல ஒரு பாறைக் குடைவுல பழங்குடிகளோட பாறைச் செதுக்கல்கள் இருக்கு. பின்னாடி வந்தவங்க அதுமேல பெயின்ட் அடிச்சிருக்காங்க. கள்ளியைப் பிடுங்கினதும் இதுவும் ஒரே மனசு.

அந்த மனசு செத்துடலை. 2018 டிசம்பர்ல நிதி ஒப்புதல் இல்லாம அமெரிக்க அரசு 35 நாள் பாதி முடங்கினப்போ, காவலுக்குப் போதிய ஆள் இல்லை. சிலர் பாதையை விட்டு வண்டி ஓட்டினாங்க, ஜோஷுவா மரங்களைச் சேதப்படுத்தினாங்க. அரசாணை வேலியை மட்டும்தான் போடும். வேலிக்குள்ள இருக்கிறது மதிப்புள்ளதுன்னு ஜனங்களை நம்பவைக்கிற வேலையைத்தான் ஹோய்ட் செஞ்சார். அது ஒவ்வொரு தலைமுறையிலும் மறுபடி செய்யவேண்டிய வேலை.

உங்க ஊர்ல ‘சும்மா கிடக்குது’ன்னு சொல்ற நிலம் எதுன்னு யோசிச்சுப் பாருங்க. அங்க என்ன முளைச்சிருக்குன்னு எங்களுக்கு எழுதுங்க.