காப்பு விதிகளும் ஒரு மருத்துவரின் மௌனமும்

1936ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், இங்கிலாந்தின் பிரபுக்கள் அவையில் கருணைக் கொலை மசோதா விவாதிக்கப்பட்டது. தீரா நோயால் துடிப்போர் தாமே விரும்பினால், மருத்துவர் துணையுடன் உயிர் துறக்கலாம் என்பதே அதன் கருத்து. பொன்சன்பி பிரபு அதனைக் கொணர்ந்தார். நோயாளி 21 வயது கடந்தவராதல் வேண்டும். இரு சாட்சிகள் முன் கையொப்பமிடல் வேண்டும். நடுவர் ஒருவர் நேரில் ஆராய்தல் வேண்டும் என அதில் காப்பு விதிகள் பல இருந்தன.

அவ்விதிகளை எதிர்த்தோருள் டாசன் பிரபு குறிப்பிடத்தக்கவர், அரச மருத்துவர். சாவின் துன்பத்தைத் தணிப்பது மருத்துவர் கடனே என்றார் அவர். ஆயினும் நோய்ப்படுக்கையைச் சூழ்ந்து சட்டச் சடங்குகள் நிகழலாகாது. மருத்துவரின் மனச்சான்றே போதும் என வாதிட்டார். மசோதா 14க்கு 35 என்ற வாக்குகளில் தோற்றது.

ஐம்பதாண்டுகள் கழிந்தன. 1986இல் டாசனின் குறிப்புகள் வெளிவந்தன. அதே 1936 ஜனவரி 20ஆம் நாள் இரவு, நினைவிழந்து கிடந்த மன்னர் ஐந்தாம் ஜார்ஜுக்கு மார்பினும் கொக்கைனும் செலுத்தி, அவர் இறப்பை விரைவுபடுத்தியதை அவை காட்டின. மாலை ஏடுகளினும் காலை ஏடே அச்செய்தியை முதலில் தாங்கி வருதல் தகும் என்ற எண்ணமும் அவற்றில் இருந்தது.

விதிகள் மிகுந்தால் நோயாளி வருந்துவார் என்ற டாசனின் அச்சம் பொய்யன்று. ஆனால் விதியற்ற அவ்வறையில் மன்னரின் இசைவும் இல்லை. சாட்சியின் கையொப்பமும் இல்லை. மன்னர்க்கே இந்நிலை எனில், எளியோர்க்குக் காவல் யாது?