டன்

அம்பத்தூரில் ஏசி வாங்கப் போனால் கடைக்காரரின் முதல் கேள்வி, "ஒரு டன்னா, ஒன்றரை டன்னா?" இயந்திரத்தின் எடை என்று நினைப்பவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் டன் என்ற சொல் முதலில் பெரிய மதுப் பீப்பாயின் பெயர், பிறகு எடை, பனிக்கட்டி வணிகத்துக்குப் பின் குளிரின் அளவு. சுமார் 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருக இழுத்துக்கொள்ளும் வெப்பத்தின் வீதமே ஒரு டன், அதாவது ஏறத்தாழ 3.5 கிலோவாட். பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிக்காக 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ், விவேகானந்தர் இல்லமாக மெரினாவில் இன்றும் நிற்கிறது. இந்த டன்னைத் தமிழில் சொல்ல, கருவிக்குக் 'குளிர்த்திறன்' பொருந்தும். ஆனால் எனக்குப் பிடித்தது 'வெப்பச்சுமை'. சுமத்தல், சுமைதாங்கி என்ற குடும்பத்துச் சொல். கேள்வியை வீட்டின் பக்கம் திருப்புகிறது: மொட்டைமாடிக்கு நேர்கீழ் அறையா, மேற்குச் சுவரில் வெயில் அடிக்கிறதா, எத்தனை பேர் படுப்பார்கள்? ஆவடி வெயிலில் சதுர அடி மட்டும் இதைச் சொல்லாது.