சிடியில வந்த ப்ளக்-இன்

1996-ல நெட்ஸ்கேப் 2.0 ப்ளக்-இன் வசதியோட வந்துச்சு. அப்புறமென்ன, ஃப்ளாஷ், ஷாக்வேவ், குவிக்டைம்னு ஒவ்வொண்ணா இறக்கணும். 56 கே மோடத்துல வினாடிக்கு 7 கிலோபைட் வந்தாலே பெருசு. 10 எம்பிக்கு கிட்டத்தட்ட 25 நிமிஷம். நடுவுல லைன் கட்டானா, பல சமயம் மறுபடியும் முதல்ல இருந்து!

கணினிப் பத்திரிகைகளோட வந்த சிடிக்கு 2000கள்ல அவ்வளவு மவுசு இருந்தது இதனாலதான். முழு இன்ஸ்டாலரும் உள்ளேயே இருக்கும், நெட்டே வேணாம்.

2020 டிசம்பர் 31-ஓட அடோபி ஃப்ளாஷை கைகழுவிடுச்சு, டவுன்லோடு பக்கத்தையும் தூக்கிடுச்சு. 2021 ஜனவரி 12-லேர்ந்து கடைசிப் பதிப்புகள் எதையும் ஓட்டவே மறுத்துச்சு. பழைய சிடி பதிப்புல அந்தப் பூட்டு கிடையாது. நெட்டைத் துண்டிச்சுட்டு பழைய பிரவுசர்ல போட்டா இன்னமும் ஓடும்.

ஸோ மக்களே, பரண்ல கிடக்கற சிடிய எடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து வைங்க. அதுவும் வரலாறுதான்!