பி11: ஒரு பழைய நீர்மூழ்கியின் கதை

நீர்மூழ்கிக் கப்பல் என்றதும் மாதக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் அணுசக்தி ராட்சதர்கள்தான் நம் நினைவுக்கு வருவார்கள். ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இருந்த நீர்மூழ்கிகள் அப்படிப்பட்டவை அல்ல. அவை பெரும்பாலும் கடலின் மேலேயே ஓடி, தேவைப்படும்போது மட்டும் சில மணி நேரம் முங்கிக்கொள்ளும் படகுகள். அப்படி ஒரு படகுதான் பிரிட்டிஷ் கடற்படையின் பி11. அதன் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

பி11 இங்கிலாந்தின் பாரோ நகரில் விக்கர்ஸ் நிறுவனத்தால் கட்டப்பட்டு 1906-ல் கடலில் இறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 43 மீட்டர். மேலே ஓடப் பெட்ரோல் எஞ்சின், உள்ளே ஓட பேட்டரியும் மின்மோட்டாரும். முன்பக்கம் இரண்டு டார்பிடோ குழாய்கள். பணியாளர்கள் சுமார் 15 பேர். இவ்வளவுதான் கப்பல்!

மூடிய இரும்புக் கூட்டுக்குள் பெட்ரோல் எஞ்சின் என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். கசியும் ஆவி மயக்கம் தரும். ஒரு சின்னத் தீப்பொறி பட்டாலும் போதும், வெடித்துவிடும். இதற்கு முந்தைய ஏ வகையைச் சேர்ந்த ஏ5 நீர்மூழ்கியில் 1905-ல் அப்படித்தான் வெடித்து மாலுமிகள் இறந்தார்கள். பின்னால் வந்த நீர்மூழ்கிகளில் டீசல் எஞ்சின் வைத்ததற்கு இந்த ஆபத்து ஒரு முக்கியக் காரணம். எனவே 1914-ல் முதல் உலகப்போர் தொடங்கியபோது பி11 ஏற்கெனவே காலாவதியான படகுதான். மால்டாவில் இருந்த பழைய நீர்மூழ்கிகளில் அதுவும் ஒன்று.

அந்த ஆண்டின் இறுதியில் துருக்கி ஜெர்மனியின் பக்கம் சேர்ந்தது. ஏஜியன் கடலையும் மர்மாரா கடலையும் இணைக்கும் குறுகிய நீர்வழி தார்தனெல்ஸ். அதன் இரு கரையிலும் பீரங்கிக் கோட்டைகள், நடுவில் வரிசை வரிசையாகக் கண்ணிவெடிகள். போதாக்குறைக்கு நீரோட்டம் வேறு! மேற்பரப்பு நீர் மர்மாராவிலிருந்து ஏஜியனை நோக்கி வேகமாக ஓடும். அடியில் உப்பு அதிகமான கனத்த நீர் எதிர்த்திசையில் ஓடும். இரண்டு அடர்த்திகளுக்கு நடுவே ஒரு நீர்மூழ்கியை ஒரே ஆழத்தில் நிறுத்துவது பெரும்பாடு. நீரோட்டத்தை எதிர்த்து உள்ளே போகவேண்டும், திரும்பி வரவும் பேட்டரியில் மின்சாரம் மிச்சம் இருக்கவேண்டும்.

இந்த வேலைக்கு பி11 தேர்வானதற்குக் காரணம் அதன் பேட்டரி அப்போதுதான் புதிதாக மாற்றப்பட்டிருந்தது என்பதே. கண்ணிவெடிகளின் கம்பிகள் சிக்காமலிருக்க வெளியே தடுப்புகள் பொருத்தினார்கள். தலைவர் லெப்டினன்ட் நார்மன் ஹோல்புரூக், வயது 26.

1914 டிசம்பர் 13. விடியற்காலையில் பி11 முங்கி உள்ளே நுழைந்தது. ஐந்து வரிசைக் கண்ணிவெடிகளுக்கு அடியில் ஊர்ந்து சென்று பெரிஸ்கோப்பை உயர்த்தியபோது, சனக்கலே நகருக்குத் தெற்கே நங்கூரமிட்டிருந்த மெசூதியே போர்க்கப்பல் தெரிந்தது. டார்பிடோ பாய்ந்தது. சாவதற்கு முன் அந்தக் கப்பலும் பீரங்கியால் சுட்டது. பத்து நிமிடம் போலத்தான், கவிழ்ந்துவிட்டது. 37 பேர் இறந்தார்கள். ஆழம் குறைந்த இடம் என்பதால் மற்ற பெரும்பாலோர் காப்பாற்றப்பட்டார்கள்.

பி11 திரும்புவதுதான் இன்னும் கஷ்டமாகிவிட்டது. திசைகாட்டியைப் பார்க்கும் கண்ணாடியில் ஈரம் படிந்து முள்ளே தெரியவில்லை. பலமுறை தரையில் முட்டி மோதி, பெரிஸ்கோப்பில் திறந்த கடல் தெரிந்த பக்கமாகத் தோராயமாக ஓட்டி வெளியே வந்தார்கள். ஹோல்புரூக்குக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. நீர்மூழ்கிக்காரர் ஒருவருக்குக் கிடைத்த முதல் விக்டோரியா கிராஸ் அதுதான். மற்ற அனைவருக்கும் பதக்கங்கள் கிடைத்தன.

இதில் என்னை யோசிக்க வைத்த விஷயம் வேறு. மூழ்கிய மெசூதியே 1874-ல் லண்டனில் கட்டப்பட்டது. ஆம், பிரிட்டன் விற்ற கப்பலைப் பிரிட்டனே மூழ்கடித்தது! காலாவதியான ஒரு படகு இன்னொரு கிழட்டுக் கப்பலைக் கொன்றது. பெரிய வெற்றியா? துருக்கியர் அதன் பீரங்கிகளைக் கழற்றிக் கரையில் நிறுத்தினார்கள். 1915 மார்ச் 18-ல் நேச நாட்டுக் கப்பற்படை தார்தனெல்ஸை உடைத்துச் செல்ல முயன்று தோற்ற நாளில் அந்தப் பீரங்கிகளும் சுட்டன. அன்று மூழ்கியவை மூன்று போர்க்கப்பல்கள்.

ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. அந்த நீர்வழிக்குள் போய்த் திரும்பி வரமுடியும் என்று பி11 காட்டிவிட்டது. முயன்றவர்கள் எல்லோரும் பிழைக்கவில்லை. பிரெஞ்சு நீர்மூழ்கி சஃபீர் 1915 ஜனவரியிலும், பிரிட்டனின் இ15 ஏப்ரலிலும் அங்கேயே அழிந்தன. அதே ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் ஏஇ2 மர்மாரா வரை போய்விட்டது.

பி11-க்குப் பிறகு என்ன ஆயிற்று? ஏட்ரியாடிக் கடலில் சில காலம் உழைத்தது. 1917-ல் முங்கும் வேலையிலிருந்தே விடுவித்து, மேலே ஓடும் ரோந்துப் படகாக மாற்றினார்கள். 1919-ல் இத்தாலியில் விற்றுவிட்டார்கள். அதோடு சரி.

படகு போய்விட்டது, பெயர் மட்டும் நின்றது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ஜெர்மன்டன் என்று ஓர் ஊர். போர்க்காலத்தில் அந்தப் பெயர் உறுத்தவே, 1915-ல் அதை ஹோல்புரூக் என்று மாற்றிக்கொண்டது. கடலிலிருந்து வெகு தொலைவில், ஆடுமாடு மேயும் நாட்டில் இருக்கிறது அந்த ஊர். 1976-ல் ஹோல்புரூக் இறந்தார். பிற்பாடு அவர் மனைவி தந்த பணத்தின் உதவியோடு, ஓய்வுபெற்ற ஓட்வே நீர்மூழ்கியின் மேல்பாகத்தை வாங்கி ஊர்ப் பூங்காவில் வைத்திருக்கிறார்கள்.

அங்கே போகும் குழந்தைகள் அதன் மேல் ஏறி விளையாடலாம். அவர்களிடம் யாராவது அந்த 15 பேரைப் பற்றிச் சொல்வார்கள் என்று நம்புகிறேன். கூடவே மெசூதியேயில் இறந்த 37 பேரைப் பற்றியும் சொன்னால் நன்றாக இருக்கும்.